நெல்லைச் சீமைக் கதை, வரலாறு, உயிரினத் துணுக்கு போட ஒரு பக்கம்: எதைப் பார்த்து, எப்படிப் போடணும்?

பொருநைக்கரை (கேள்வி)

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மூணையும் சேர்த்து ஒரு இன்ஸ்டா பக்கமும், அதே பேர்ல ஒரு வாட்ஸ்அப் சேனலும் தொடங்கப் போறோம். கோயில் தலபுராணம், சுடலை, இசக்கி, முத்துப்பட்டன் மாதிரி நாட்டார் கதை, ஊர் வரலாறு, பொதிகை மலையிலயும் குளங்கள்லயும் இருக்கிற உயிரினம் பத்தின துணுக்கு, இந்த நாலுதான் சரக்கு.

இப்போ சுத்துற பதிவுகள்ல நாலும் ஒண்ணோட ஒண்ணு கலந்து கெடக்கு. கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு மரத்துல ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பாக்கும்னு ஒரு படம். அதுக்குக் கீழயே ஆதிச்சநல்லூர்னு சொல்லி கீழடி குழியோட போட்டோ. எங்களுக்குத் தெரிய வேண்டியது இது: போடுறதுக்கு முந்தி எதை எங்க சரிபார்க்கணும்? நாட்டார் கதையை ஊர்க்காரங்க மனசு நோகாமப் போடுறது எப்படி? படம் எங்க எடுக்கலாம்? தமிழ் எழுத்து ஏன் சில ஆப்ல உடைஞ்சு போகுது? அனுபவக் கதை வேண்டாம், செய்முறை வேணும்.

கல்வெட்டுப்படி

எல்லாப் படத்திலும் ஒரே மூலையில், ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறத்தில் ஒரு பட்டை வையுங்கள்: தலபுராணம், வாய்மொழிக் கதை, வரலாறு, உயிரினம். வாசகர் தலைப்பைப் படிக்குமுன் இது எந்த வகைப் பேச்சு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். பட்டை மட்டும் போதாது, வாக்கிய முடிவும் அதற்கேற்ப இருக்க வேண்டும். சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் கயிலாயம் போனதால் வடக்கு தாழ்ந்தது, அகத்தியர் பொதிகைக்கு வந்து சமன் செய்தார் "என்பது புராணம்". தாமிரபரணி பெரிய பொதிகையில் பிறந்து சுமார் 128 கி.மீ. ஓடிப் புன்னைக்காயல் பக்கம் கடலில் "சேர்கிறது". இந்த இரண்டையும் ஒரே ஸ்லைடில் ஒரே தொனியில் எழுதினால், பக்தர் ஒருபக்கமும் பகுத்தறிவாளர் ஒருபக்கமும் கமெண்டில் மல்லுக்கு நிற்பார்கள், ஆற்றைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள்.

வரலாற்றுப் பதிவில் அதிகம் தப்புவது ஆண்டுக்கணக்கு. சிவகளை நல்ல உதாரணம். அங்கே தாழியில் கிடைத்த நெல்லுமிக்கு கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். இரும்போடு கிடைத்த கரித்துண்டுகளில் மிகப் பழையதற்கு கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் வெளியிட்டார்கள். இதில் மூன்று தப்பு நடக்கிறது. "கி.மு." விழுந்துபோய் "3345 ஆண்டு பழமை" என்று ஆகிவிடும். உண்மையில் அது சுமார் 5,300 ஆண்டு. அடுத்தது, நெல்லுமியின் காலத்தை இரும்புக்கும் இரும்பின் காலத்தை நெல்லுக்கும் மாற்றிப் போடுவார்கள். மூன்றாவது, காலம் கணித்தது கூட இருந்த கரிக்கு, இரும்புக்கே அல்ல என்பதை விட்டுவிடுவார்கள். எனவே காலம் எழுதும்போது நாலு விவரத்தைச் சேர்த்தே எழுதுங்கள்: எந்த ஊர், எந்தப் பொருள், எந்த ஆண்டில் அறிவித்தது, கி.மு.வா கி.பி.யா. நாலில் ஒன்று கிடைக்காவிட்டால் அந்தப் பதிவு காத்திருக்கட்டும்.

ஆதிச்சநல்லூரில் ஜெர்மானிய ஆய்வாளர் யாகோர் தோண்டியது 1876. அவர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரீ தோண்டத் தொடங்கியது 1899. அவர் எடுத்தவற்றில் பெரும்பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தியத் தொல்லியல் துறை மறுபடி இறங்கியது 2004. மூன்றும் வேறு வேறு அகழாய்வு. "ஆதிச்சநல்லூரில் கிடைத்தது" என்று படம் போட்டால் எந்த அகழாய்வு என்று சொல்லுங்கள். செங்கல் கட்டுமானமும் உறைகிணறும் தெரிகிற குழியென்றால் அது ஆதிச்சநல்லூர் இடுகாடு இல்லை, பெரும்பாலும் கீழடிப் படமாக இருக்கும்.

மாவட்டச் சண்டையும் வரும். தூத்துக்குடி பிரிந்தது 1986 அக்டோபர், தென்காசி பிரிந்தது 2019 நவம்பர். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், மணியாச்சி எல்லாம் இன்று தூத்துக்குடி மாவட்டம். நெற்கட்டும்செவல், செங்கோட்டை, குற்றாலம் தென்காசி. "நெல்லை மாவட்டம்" என்று போட்டால் முதல் கமெண்டே அதுவாகத்தான் இருக்கும். "அன்றைய திருநெல்வேலிச் சீமை, இன்று தூத்துக்குடி மாவட்டம்" என்று எழுதிவிட்டால் பேச்சு முடிந்தது.

கட்டபொம்மன் பதிவுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஜாக்சன் துரையைப் பார்த்து அவர் முழங்கியதாகப் பகிரப்படும் வரி பற்றிய வசனம் மேடை நாடகத்துக்கு எழுதப்பட்டு 1959-ல் திரைப்படத்தில் வந்தது. அதை மேற்கோள் குறிக்குள் போட்டு அடியில் கட்டபொம்மன் என்று எழுதாதீர்கள். இராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தது உண்மை, 1798 செப்டம்பர். கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. "கட்டபொம்மனின் அசல் புகைப்படம்" என்று வருகிற எதையும் தொடவே வேண்டாம். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்.

சரிபார்க்க வீட்டிலிருந்தே வழி உண்டு. கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறும், பேட் தொகுத்த 1917 கெசட்டியரும் (மாவட்ட விவர நூல்) இணையத்தில் ஸ்கேனாகவே கிடைக்கின்றன. ஊர்ப்பெயர், போர், பஞ்சம், பாளையங்களுக்கு இவை நல்ல தொடக்கம். சாதிகளைப் பற்றி அவற்றில் உள்ளதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், அது அந்தக் காலத்துத் துரைமாரின் பார்வை. கோயில் என்றால் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளும். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டமும். பக்க எண்ணை உங்கள் கோப்பில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் "ஆதாரம் என்ன" என்று கேட்கும்போது அது மட்டும்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று, நவகைலாயமும் நவதிருப்பதியும் ஒன்றல்ல. முன்னது ஒன்பது சிவன் கோயில், பாபநாசத்தில் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலத்தில் முடியும். பின்னது ஒன்பது பெருமாள் கோயில். ஸ்ரீவைகுண்டமும் தென்திருப்பேரையும் இரண்டு பட்டியலிலும் வருவதால்தான் குழம்புகிறார்கள்.

முண்டந்துறைக்காரன்

பாம்புப் பதிவுக்கு நான் வாரேன். மத்ததுல தப்புனா சண்டையோட போகும், இதுல தப்புனா உசிரு போகும்லா.

கொம்பேறி மூக்கன் விஷமில்லாத பாம்பு. ஒல்லியா, முதுகுல வெண்கல நிறப் பட்டை ஓடும், கண்ணு பெருசா இருக்கும், பகல்லதான் திரியும். மரத்துல ஏறுறது ஓணானையும் பல்லியையும் பிடிக்க, சுடுகாட்டைப் பாக்க இல்லை. நல்ல பாம்பும் சாரையும் இணையுதுன்னு வருசா வருசம் ஒரு வீடியோ வரும். அது ரெண்டும் சாரைதான், ரெண்டும் ஆண். மேல்பாதி ஒடம்பைத் தூக்கிப் பின்னிக்கிட்டு, ஒண்ணு தலையை இன்னொண்ணு கீழ அமுக்கப் பாக்கும். அது மல்யுத்தம். இணை சேருறப்போ தரையோட தரையா கெடக்கும், இந்த ஆட்டமெல்லாம் இருக்காது.

மகுடிப் பதிவுல "பாம்புக்குக் காது கேக்காது"ன்னு எழுதிராதீங்க, அது பாதிதான் சரி. வெளிக்காதும் செவிப்பறையும் கெடையாது, ஆனா உள்காது உண்டு, தாடை எலும்பு வழியா தாழ்ந்த அதிர்வை வாங்கும். மகுடியைப் பாத்து ஆடுறது அந்தக் குழல் அசையுறதைத் தொடர்ந்துதான்.

இனி முக்கியமான சங்கதி. படத்தைப் பாத்து "இது விஷமில்லை, பயப்படாதீங்க"ன்னு பக்கத்து சார்புல ஒருக்காலும் பதில் போடாதீங்க. விஷமுள்ள கட்டுவிரியனும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் படத்துல அண்ணன் தம்பி மாதிரியே தெரியும். கட்டுவிரியனுக்கு வெள்ளைக் கோடு கழுத்துப் பக்கம் மங்கலா, வால் பக்கம் போகப் போகத் தெளிவா இருக்கும், நடுமுதுகுச் செதில் பெருசா அறுகோணமா இருக்கும். வரையனுக்குத் தலைகீழ்: கழுத்துகிட்ட பட்டை எடுப்பா தெரிஞ்சு வால் பக்கம் மங்கும். ராத்திரி ஃபிளாஷ்ல எடுத்த மங்கல் படத்துல இந்தச் செதிலை யாரு எண்ணுவா? அதே மாதிரி கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டின்னு கையில எடுக்கிற ஆளு இன்னும் இருக்கான். பாம்புப் பதிவு எதுவா இருந்தாலும் கடைசி ஸ்லைடு ஒண்ணை நிரந்தரமா வச்சிருங்க: கடிச்ச கையையோ காலையோ அசைக்காதே, இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாயால உறிஞ்சாதே, மோதிரம் வளையலைக் கழட்டு, 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. கட்டுவிரியன் ராத்திரி தூங்குறவங்களைக் கடிச்சா பல நேரம் வலியே இருக்காது, தடமும் சரியாத் தெரியாது. அதனால "வலி இல்லைன்னா விஷம் இல்லை"ங்கிற ஃபார்வேர்டைத் தனியா ஒரு பதிவுல மறுத்துப் போடுங்க.

பறவைக்கு வந்தா, கூந்தன்குளம்னு சொன்ன உடனே எல்லாரும் "சைபீரியாவில் இருந்து வந்த விருந்தாளிகள்"னு எழுதிருதாங்க. அங்க கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற மஞ்சமூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம்ம நாட்டுப் பறவைதான். தூரத்துல இருந்து வாரது வரித்தலை வாத்து. அது மங்கோலியா, திபெத் பக்கத்துல இருந்து இமயமலையைத் தாண்டி வரும், 7,000 மீட்டருக்கு மேல பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு பண்ணிருக்காங்க. இந்த ஒரு உண்மையே ஒரு ரீல்ஸுக்குத் தாராளம், சைபீரியா தேவையே இல்லை. குயில்ல கூவுறது கருப்பா இருக்கிற ஆண். புள்ளி போட்டதுதான் பெண். "பெண்குயில் கூவுது"ன்னு கவிதை எழுதலாம், உயிரினப் பட்டை போட்டு எழுதக் கூடாது.

எண்ணிக்கை எழுதுனா வருசத்தோட எழுதணும். வரையாடு 2024 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 1,031, 2025-ல 1,303. வருசமில்லாம "ஆயிரம் வரையாடுதான் மிச்சம்"னு போட்டா பத்து வருசம் கழிச்சும் அதுவே சுத்தும். களக்காடு முண்டந்துறை 1988-ல வந்த புலிகள் காப்பகம், தமிழ்நாட்டுல முதல்ல வந்தது. சிங்கவால் குரங்கும் கருமந்தியும் அங்க ரெண்டுமே உண்டு, படம் மாறிப் போகும். முகத்தைச் சுத்தி வெள்ளிப் பிடரியும் வால் நுனில குஞ்சமும் இருந்தா சிங்கவால். ஒடம்பு கருப்பு, தலை மட்டும் மஞ்சள் கலந்த பழுப்புன்னா கருமந்தி.

எடம் சொல்லுறதுல கவனம். சரணாலயம் பேரைச் சொல்லலாம், அது ஊருக்கே தெரியும். ஆந்தைக் கூடு, ராஜநாகம் முட்டை வச்ச எடம், உடும்புப் பொந்து, இதெல்லாம் எந்த ஊரு எந்தப் பாறைன்னு தெரியாமப் போடணும். இன்ஸ்டாவுல லொகேஷன் டேக் போடாம இருந்தாப் போதாது, பின்னால தெரியுற மைல்கல்லையும் கோயில் கோபுரத்தையும் வெட்டணும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா உள்ள இருக்கிற ஜிபிஎஸ் விவரம் அழிஞ்சிரும், டாக்குமெண்டா அனுப்புனா அப்படியே போயிரும். யாராவது உங்களுக்கு டாக்குமெண்டா படம் அனுப்புனா அதை அப்படியே தள்ளி விட்றாதீங்க.

வலத்தே

தம்பி, நாட்டார் கதையில "சரியான வடிவம்" என்று ஒன்றைத் தேட ஆரம்பித்தால் அங்கேயே தடம் மாறிவிடும். சுடலைமாடன் கதை ஊருக்கு ஊர், பாடுகிற அண்ணாவிக்கு அண்ணாவி மாறும். வில்லுப்பாட்டில் ஒரு மாதிரி, கணியான் கூத்தில் மகுடம் அடித்துப் பாடும்போது வேறு மாதிரி. மூன்று ஊர்க் கதையைக் கலந்து "சுடலைமாடன் உண்மை வரலாறு" என்று போட்டால் மூன்று ஊர்க்காரர்களும் கோபப்படுவார்கள், மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கும். ஒரு பதிவுக்கு ஒரு வடிவம். யார் பாடியது, எந்தக் கோயில் கொடையில் (திருவிழாவில்), எந்த மாதம், இந்த மூன்றும் கேப்ஷனில் முதல் வரியாக வரட்டும். "வரலாறு", "உண்மை" இரண்டும் தலைப்பில் வேண்டாம்.

முத்துப்பட்டன் கதை இதற்கு நல்ல பாடம். பிராமண வீட்டுப் பிள்ளை, அருந்ததியர் குலத்து அக்காள் தங்கை பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டி, மாமனார் சொன்ன நிபந்தனைப்படி பூணூலைக் கழற்றி, செருப்புத் தைத்து, மாடு களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்தான், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று மாற்றிப் பாடும் வடிவமும் உண்டு. அந்த மாற்றம் ஏன் வந்தது என்பதை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை விரிவாகவே எழுதியிருக்கிறார். நீங்கள் எந்த வடிவத்தைப் போட்டாலும் அது ஒரு பக்கம் சாய்கிற காரியம்தான். ஆகவே இரண்டும் இருப்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லுங்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு (சாமியான முத்துப்பட்டனுக்கு) தோல் செருப்பு காணிக்கை கட்டுகிறார்கள். கட்டிய புதுச் செருப்பு தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டு நடக்கிறான் என்பது நம்பிக்கை. கதையை நீட்டி எழுதுவதை விட அந்தச் செருப்பின் படம் ஒன்று போதும்.

சாதிப் பெயர் கதைக்குள் தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் வரட்டும். தலைப்பிலும் ஹேஷ்டேக்கிலும் கூடவே கூடாது. ஹேஷ்டேக்கில் போட்டால் அந்தப் பதிவு சாதிப் பெருமைப் பக்கங்களின் கூட்டத்துக்குள் போய் விழும். பிறகு கமெண்டை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. கொடைக் காலமான சித்திரை முதல் ஆடி வரை இது இன்னும் சூடாக இருக்கும். பெயர் சொல்லித் திட்டும் சொற்களை இன்ஸ்டா அமைப்பில் "மறைக்க வேண்டிய சொற்கள்" பட்டியலில் முன்கூட்டியே ஏற்றி வையுங்கள், தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு விதமாகவும்.

வீடியோ எடுப்பது பற்றி. கோயில் வரிதாரரிடமோ (கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்) நிர்வாகியிடமோ ஒரு முறையும், வில்லுக் குழு அண்ணாவியிடம் தனியாக ஒரு முறையும் கேட்க வேண்டும். ஒருவர் சம்மதித்தால் மற்றவர் சம்மதித்தது ஆகாது. சாமியாடுகிறவர் முகம் தெரியப் போடாதீர்கள், அதிலும் பெண்கள் என்றால் பதிவே எடுக்காதீர்கள். அவர் சுயநினைவில் சம்மதம் சொல்லக்கூடிய நிலையில் இல்லை, மறுநாள் வேலைக்குப் போகிற இடத்தில் அந்த வீடியோ அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

ஒலிப்பதிவு: கொடையில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் பக்கம் போனை வைத்தால் எல்லாம் கரகரவென்று ஆகிவிடும். மேடைக்கு முன்னால் ஆறேழு அடி தள்ளி, நெஞ்சு உயரத்தில், ஸ்டாண்டில் வையுங்கள். வீசுகோல் வில்லில் படும் ஓசையும் உடுக்கையும் கூர்மையாகக் குத்தும். குடம் அடியில் முழங்கும். தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி போனில் ஓடினால் உடுக்கை விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கிப் போகும். அதை நிறுத்த வசதியுள்ள ரெக்கார்டர் ஆப் போட்டு, உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கும்படி அளவை வையுங்கள். காப்புப் பாடும்போதே முப்பது விநாடி சோதித்துக் கேட்டுவிடுங்கள். கதை ஏறின பிறகு எழுந்து போய்த் திருப்ப முடியாது. விமானப் பயன்முறை போட மறக்காதீர்கள், கதை உச்சத்தில்தான் போன் வரும். வலத்தே பாடுகிற அண்ணாவியின் பாட்டையும் இடத்தே பாடுகிற ஆமாப் பாட்டையும் (பின்பாட்டு) பிரித்துக் கேட்க வேண்டுமானால் இரண்டு போன் வேண்டும், பக்கத்துக்கு ஒன்று.

பழைய வில்லுப்பாட்டு கேசட்டை மாற்றி ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரலாம், கம்பெனி இன்னும் உரிமையை வைத்திருக்கும். கதை எல்லாருக்கும் பொது, அந்த ஒலிப்பதிவு பொது இல்லை. பாளையங்கோட்டை சேவியர் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இருக்கிறது, கதை வடிவங்களைத் தேட அங்கே போங்கள்.

கொம்புசுழி

எழுத்து ஏன் உடையுதுன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு, பழைய பாமினி மாதிரி யூனிகோட் இல்லாத எழுத்துருவுல அடிச்சதை யூனிகோட் எழுத்துருவுல திறக்குறது. அது எழுத்தே மாறி ஆங்கிலக் குப்பையாத் தெரியும், எழுத்துரு மாற்றி (கன்வெர்ட்டர்) வச்சு மாத்தணும். இன்னொண்ணு, ஆப் தமிழை அடுக்கத் தெரியாம இருக்கிறது. கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் ஒட்டும், புள்ளி தனியா வட்டத்தோட நிக்கும். போட்டோஷாப்ல விருப்பத் தேர்வுல டைப் பகுதிக்குப் போய் "வேர்ல்டு ரெடி" அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ஆப்பை மூடித் திறந்தா சரியாகும். பழைய பதிப்புல அதே இடத்துல "மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்"னு இருக்கும். இல்லஸ்ட்ரேட்டர்னா பாரா பலகையில வேர்ல்டு ரெடி கம்போசர்.

எழுத்துருவுக்குக் காசு தேவையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் இலவசம், உரிமமும் தெளிவு. எழுத்து இடைவெளியை பூஜ்யத்துல விடுங்க, கூட்டினா துணைக்கால் எழுத்தை விட்டு விலகிப் போகும். வரி இடைவெளி 1.5 மடங்கு, இல்லைன்னா மேல் வரி "கூ"வோட சுழியும் கீழ் வரி "கி"யோட விசிறியும் முட்டிக்கும். 1080-க்கு 1350 படத்துல உடல் எழுத்து 40 பிக்சலுக்குக் கீழ போனா போன்ல வயசானவங்க படிக்க முடியாது. ஒரு ஸ்லைடுக்கு 30 சொல்லுக்கு மேல வைக்காதீங்க.

எக்ஸ் தளத்துலயும் போடுறதா இருந்தா 280-ங்கிறது தமிழுக்கு 280 எழுத்து இல்லை. புள்ளி, கொம்பு, விசிறி ஒவ்வொண்ணும் தனியாக் கணக்காகும். "திருநெல்வேலி" ஆறு எழுத்து, அங்க 12. கைக்கணக்கா 150 எழுத்துன்னு வச்சுக்கோங்க. கூகுள் லென்ஸ்ல ஸ்கேன் பண்ணி எடுத்த எழுத்தை நம்பி ஒட்டாதீங்க, துணைக்காலும் "ர"வும் மாறி இருக்கும். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும், தேடுனா பதிவு சிக்காது.

படம்: விக்கிமீடியா பொதுவகத்துல எடுத்தா எடுத்தவர் பேரையும் உரிமத்தையும் படத்துக்குள்ளயே சின்னதாப் போடுங்க. கேப்ஷன்ல போட்டா படம் மட்டும் வாட்ஸ்அப்ல போகும்போது பேரு கழண்டுரும். வந்த படத்தை லென்ஸ்லயும் டின்ஐலயும் (படத்தை வச்சுத் தேடுற தளம்) தேடுங்க. டின்ஐல "பழசு முதல்"னு வரிசைப்படுத்தினா முதல்ல எங்க வந்ததுன்னு பல நேரம் தெரிஞ்சிரும். வீடியோன்னா நாலஞ்சு இடத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடணும். செயற்கை நுண்ணறிவுல செஞ்ச படம்னா "வரைந்த படம்"னு அதே பட்டையில எழுதுங்க. புராணத்துக்கு அது போதும், வரலாற்றுக்கும் உயிரினத்துக்கும் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். அது பாம்புக்கு இமை போடும், நாரைக்கு மூணு கால் போடும்.

பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், தப்புன்னு தெரிஞ்ச பிறகு எப்படித் திருத்துறது? அழிச்சிட்டாப் போதுமா?

கொம்புசுழி

இன்ஸ்டாவுல கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாத்த முடியாது. அதனால கேப்ஷன் முதல் வரியில "திருத்தம்"னு தேதியோட எழுதி, அதையே கமெண்ட்லயும் போட்டுப் பின் பண்ணுங்க. வாட்ஸ்அப் குழுவுல போட்ட செய்தியை 15 நிமிசத்துக்குள்ளதான் திருத்த முடியும், ஃபார்வேர்டு ஆனதுக்கு அந்த வழியும் இல்லை. பல தடவை ஃபார்வேர்டு ஆனதை ஒரு நேரத்துல ஒரு அரட்டைக்குத்தான் அனுப்ப விடும், ஆனாலும் அது நிக்காது. ஆகையால எல்லாப் படத்துலயும் அடி மூலையில தேதியும் பக்கம் பேரும் வையுங்க. திருத்தின படத்துல "திருத்திய பதிப்பு"ன்னு பெருசா. பழைய படம் திரும்பி வரும்போது தேதியைக் காட்டிப் பதில் சொல்லலாம். பாம்புக்கடி மாதிரி ஆபத்தான தப்புன்னா மட்டும் கேப்ஷன் திருத்தமெல்லாம் பத்தாது, முழுசா அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்.

முண்டந்துறைக்காரன்

முதல் பதிவுக்கு ஒரு மாதிரி எழுதித் தாரேன், நீட்டலைக் குறைச்சு எடுத்துக்கோங்க:

"வாய்மொழிக் கதை + உயிரினம். கொம்பேறி மூக்கன் கடித்தவரின் சிதைப் புகையை மரமேறிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். பாம்பு நிஜம். விஷமில்லாதது, பகலில் மரத்தில் ஓணான், பல்லி, தவளை பிடிக்கும். மெலிந்த உடல், முதுகில் வெண்கலப் பட்டை. பார்த்தால் அடிக்காதீர்கள், அதுவே போய்விடும். எந்தப் பாம்பு கடித்தாலும், பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், 108."

கல்வெட்டுப்படி

நன்றாக இருக்கிறது அண்ணாச்சி. ஒன்று மட்டும்: ஒரே படத்தில் இரண்டு பட்டை வேண்டாம். முதல் ஸ்லைடு வாய்மொழிப் பட்டையில் கதை, இரண்டாவது உயிரினப் பட்டையில் பாம்பு, மூன்றாவது 108. முதல் ஸ்லைடைத் தனியாக வெட்டி ஃபார்வேர்டு செய்பவர்கள் உண்டு, அதனால் "விஷமில்லாதது" என்ற சொல் முதல் ஸ்லைடிலேயே ஒரு தரம் வரட்டும்.